நேமே கை வைத்த கார்

ஹீயுமா தீவில் ஒரு கார் நேமேயின் கைக்குப் போய் வந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். இந்தக் காலத்துக் கார்கள் வேகம் எடுத்ததும் நான்கு கதவுகளையும் 'டக்' என்று தாமாகவே பூட்டிக்கொள்கின்றன அல்லவா? நேமே கை வைத்த கார் பூட்டாது. ஹெட்லைட் மாற்றக் கொண்டு போனாலும் சரி, பேட்டரி பார்க்கக் கொண்டு போனாலும் சரி, மனிதர் உங்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டார். தன் பழைய லேப்டாப்பை வண்டியில் சொருகி, அந்தப் பூட்டு வேலையை நிறுத்திவிட்டுத்தான் சாவியைத் திருப்பித் தருவார். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டார்.

பள்ளிக்கூடத்து ஹில்யா டீச்சர் தலைநகர் தாலினில் சிக்னலுக்காகக் காரில் நின்றபோது எவனோ பின்கதவைத் திறந்து கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஓடக்கூட இல்லையாம், சாவகாசமாக நடந்தே போனானாம். டீச்சர் தீவுக்கு வந்ததும் வராததுமாக கார்ட்லாவில் இருக்கும் நேமேயின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன்யா, திருடனுக்குக் கதவத் திறந்து விடறியே, அவன் உனக்குப் பங்கு ஏதாவது தர்றானா?"

"பை போனா வேற பை வாங்கிக்கலாம் டீச்சர். நீங்க கடல்ல போயிட்டா வேற டீச்சர நாங்க எங்க போய்த் தேடறது?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல உனக்கு!" என்று திட்டிவிட்டுப் போனார். ஆனால் பூட்டைத் திருப்பி வைக்கச் சொல்லவில்லை. அவரும் இந்தத் தீவுக்காரர்தானே.

கடும் குளிர் வருடங்களில் எங்களுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் கடல் உறைந்துவிடும். அப்போது கப்பலுக்குக் காத்துக் கிடக்காமல் காரிலேயே கடலைத் தாண்டுவோம். எங்கள் பக்கம் ஹெல்தெர்மாவில் இறங்கினால் அந்தப் பக்கம் ரோஹுகுலாவில் கரையேறலாம். பனிச்சாலை என்று அதற்குப் பெயர். காவல் குடிசை உண்டு, சட்டதிட்டம் உண்டு. சீட் பெல்ட் போடக் கூடாது. கதவு பூட்டியிருக்கக் கூடாது. முன்னால் போகிற காரிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் வர வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. ஊர்ந்து போகலாம், அல்லது மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டிப் போகலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் மட்டும் கூடவே கூடாது. ஏனென்றால் கார் போகும்போது பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீரில் ஓர் அலையும் கூடவே வருகிறது. காரும் அலையும் ஒரே வேகத்தில் போனால் அலை பெருத்துக்கொண்டே போய், கட்டியை அடியிலிருந்து உடைத்துவிடும். இரண்டு கார்கள் நெருங்கி வந்தாலும் அதே கதிதான்.

நேமேக்கு இந்தப் பூட்டுப் பைத்தியம் சும்மா பிடிக்கவில்லை. மீன்பிடிக் கூட்டுப் பண்ணையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிதில், பண்ணை வேனில் ஆர்வோ என்ற டிரைவரோடு பனியின் மேல் போய்க்கொண்டிருந்தார். நேமே தன் பக்கக் கதவை ஒரு விரற்கடை திறந்து பிடித்திருந்தார், அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுபோல. ஆர்வோவுக்கு அன்று காய்ச்சல். குளிர்காற்று அடிக்கிறது என்று தன் பக்கத்தை இழுத்துச் சாத்திக்கொண்டார். கட்டி உடைந்தபோது நேமே வெளியே விழுந்தார். ஆர்வோ கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். அது என்னவென்று நேமேக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை; கல்யாணமான பிறகு மனைவி மால்லெயிடம் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான்.

மால்லெ பின்லாந்துக்குத் துப்புரவு வேலைக்குப் போனாள். முதலில் மாதம் ஒருமுறை வந்தாள், பிறகு பண்டிகைக்கு வந்தாள், பிறகு வரவில்லை. சண்டை எதுவும் கிடையாது. போனவள் அங்கேயே தங்கிவிட்டாள், அவ்வளவே. மகள் தூலியை நேமேதான் வளர்த்தார். தலைவாரி விட்டார், மீன் வறுத்துப் போட்டார், பனியில் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பெண் படித்துக் கால்நடை மருத்துவரானாள். தீவிலேயே மாடுகள் இருக்கின்றன, ஆடுகள் இருக்கின்றன, இங்கேயே இருந்துவிடுவாள் என்று மனிதர் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தார். அவளோ பெருநிலத்தில் தார்த்துப் பக்கம் வேலை வாங்கிக்கொண்டு போய், ஈவார் என்பவனோடு வாடகை வீட்டில் குடியேறிவிட்டாள்.

அவள் முதல் கார் வாங்கியபோது, அதை அவர் தொட்ட அன்றைக்கே பூட்டை நிறுத்திவிட்டார். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் யார் காரில் மறந்திருந்தாலும் தன் மகள் காரில் மறக்கக்கூடியவர் இல்லை அவர்.

அந்த மார்ச் மாதம் தூலி வெள்ளிக்கிழமை வந்தாள். வந்ததும் சொன்னாள்: "அப்பா, எனக்கு நேவிகேஷன் வேணும். போன வாரம் ஒரு பசு கன்னு போட முடியாம கிடக்குது, நான் காட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கேன். பண்ணைக்குப் பேர் மட்டும்தான் இருக்கு, போர்டு இல்ல, தெரு இல்ல. போன்ல சிக்னலும் இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு செத்துடுச்சு."

"வழியக் கேட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"யாரக் கேக்கறது? மரத்தையா?"

நேமே சிரித்துவிட்டார். உள்ளுக்குள் சந்தோஷம்தான். மகள் ஒன்று கேட்டு எத்தனை நாளாகிறது! அவள் கார் வரும்போதே திரை இல்லாமல் வந்த கார், ரேடியோ மட்டும்தான். கம்பெனியில் புதிதாக வாங்கிப் பொருத்தினால் அந்தக் காரின் பாதி விலை ஆகிவிடும். ஆனால் நேமேயிடம் பட்டறைக்குப் பின்னால் அதே மாடல் கார் ஒன்று நொறுங்கிக் கிடந்தது. பின்லாந்துக்காரன் ஒருவன் மரத்தில் மோதிவிட்டுக் கைவிட்டுப் போனது. முன்பக்கம் அப்பளம். டேஷ்போர்டில் இருந்த நேவிகேஷன் திரைக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

சனிக்கிழமை முழுக்க அப்பாவும் மகளும் அதே வேலையாக இருந்தார்கள். பழைய ரேடியோவைக் கழற்றினார்கள். கூரையின் உட்துணியைத் தளர்த்தி, சாட்டிலைட்டைப் பிடிக்கிற ஆன்டெனாவின் ஒயரைக் கண்ணாடி ஓரமாகக் கீழே இறக்கினார்கள். தூலியின் விரல்கள் மெல்லியவை. அவர் கை நுழையாத இடத்தில் அவள் கை நுழைந்தது. கறுப்பு ரொட்டியில் சின்ன மீனை வைத்துத் தின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். மாலையில் திரை எரிந்தது. கார்ட்லாவின் தெருக்கள் அதில் மெல்லிய கோடுகளாக வந்து நின்றன.

ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தான்கள் திரையோடு பேசவில்லை. காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, "இனிமேல் உன்னிடம் நேவிகேஷன் இருக்கிறது" என்று லேப்டாப் மூலம் சொல்லிக் கொடுக்க வேண்டும். வரிசையாக நூறு சின்னச் சின்ன அமைப்புகள். எது எதைத் தொடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் நேமேயின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத்தான் செய்ய உட்கார்ந்தார்.

அப்போதுதான் சண்டை வந்தது. வேறு எதற்கும் இல்லை, ஒரு பொத்தானுக்கு.

திரையில் 'வீடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வழி சொல்லும். தூலி காப்பி போட உள்ளே போயிருந்தபோது நேமே அதில் தன் வீட்டு விலாசத்தைப் போட்டு வைத்தார். அவள் வந்து ஆசையாக அதைத் தொட்டுப் பார்த்தாள். திரை அவர்கள் உட்கார்ந்திருந்த வாசலையே காட்டியது.

"இது யார் போட்டது?"

"நான்தான். எங்க இருந்தாலும் வந்துடலாம் பாரு."

"அப்பா, என் வீடு தார்த்துல இருக்கு."

"அது வாடகை வீடு."

"ஈவாரும் நானும் அத வாங்கப் போறோம். அதச் சொல்லத்தான் இந்த வாரம் வந்தேன்." அவள் திரையில் ஏதோ தட்டினாள். அவர் போட்ட விலாசம் அழிந்தது.

நேமேக்கு முகம் சுண்டிப் போயிற்று. "ஓஹோ. அப்போ ஓசியில வேலை செஞ்சுக்கத்தான் இங்க வந்தியா?"

"இப்படிப் பேசுவீங்கன்னு தெரிஞ்சுதான் ரெண்டு நாளா வாயத் திறக்கல."

"உங்கம்மாவும் இப்படித்தான். போறேன்னு சொல்லவே இல்ல. கொஞ்சம் கொஞ்சமாப் போனா."

"அம்மா ஏன் போனான்னு கேட்டிருக்கீங்களா ஒரு தடவையாவது? போற எடமெல்லாம் உங்க பயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போக முடியலப்பா. எனக்கும் முடியல. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, மூணு மணிக்கு மேல பனிச்சாலைய மூடிடுவாங்க."

நேமே லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். நெஞ்சு எரிந்தது. ஒவ்வொரு அமைப்பாகப் பார்க்கிற பொறுமை எங்கே இருந்து வரும்? நொறுங்கிக் கிடந்த காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்தார், அப்படியே இந்தக் காரில் இறக்கினார். பொத்தான்கள் பேசின. திரை பெண் குரலில் வணக்கம் சொன்னது. சாவியை நீட்டினார். பூட்டைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. இது தூலியின் கார். இதில் பூட்டை என்றைக்கோ நிறுத்தியாயிற்று. அவர் மனதில் அது முடிந்துபோன வேலை.

புகை போட்ட மீனைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். அவள் அதை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். "போய்ட்டு வரேன்" என்றாள். கட்டிக்கொள்ளவில்லை. கார் முற்றத்தைக் கடந்து தெருவில் ஏறி வேகம் எடுத்தது. நேமே பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு பட்டறைக்குள் போய் மிச்சமிருந்த ஒயர் துண்டுகளைப் பொறுக்கினார். திருப்புளிகளைத் துடைத்து மாட்டினார். பழைய ரேடியோவை அலமாரியில் வைக்கப் போனபோது கை அப்படியே நின்றது. ஏதோ ஒன்று சரியில்லை. கார் தெருவில் ஏறியபோது ஒரு சத்தம் கேட்டது. டக். சின்னச் சத்தம்தான். பெருநிலத்துக்காரர்களின் கார்கள் வேகம் எடுக்கும்போது தினம் கேட்கிற சத்தம்.

ரேடியோவை அப்படியே தரையில் போட்டார்.

நொறுங்கிய காரின் அமைப்பை அப்படியே இறக்கினாரே, அதோடு அதன் பூட்டும் வந்து இறங்கியிருக்கிறது. அந்த மாடலைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். பூட்டிய கதவை உள்ளேயிருந்து திறக்கக் கைப்பிடியை இரண்டு தடவை இழுக்க வேண்டும். முதல் இழுப்பு பூட்டை விடுவிக்கும், இரண்டாவது இழுப்பில்தான் கதவு திறக்கும். பெருநிலத்தில் சின்னக் குழந்தைக்குக்கூட இது பழக்கம். தூலி பிறந்ததிலிருந்து பூட்டாத கார்களில் வளர்ந்தவள். ஒரு தடவை இழுப்பாள். திறக்காவிட்டால் கதவு சிக்கிக்கொண்டது என்று நினைப்பாள். தோளால் முட்டுவாள். பனி உடைந்து தண்ணீர் ஏறும்போது முட்டிக்கொண்டே இருப்பாள். இந்த உலகத்தில் இப்படி ஒரு ஆபத்தை ஒரு பெண்ணுக்கு உண்டாக்கி வைக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

போன் செய்தார். மணி அடித்தது, துண்டித்தாள். மறுபடி செய்தார். மறுபடி துண்டித்தாள். மூன்றாவது தடவை போன் அணைக்கப்பட்டிருந்தது. கோபத்தில் அவள் அப்பாவையே கொண்டு பிறந்தவள்.

கோட்டுகூடப் போடாமல் தன் காரில் ஏறினார். ஹெல்தெர்மா வரைக்கும் காட்டுச் சாலையில் அவர் எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். ஈரப்பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டே வந்தது. மார்ச் மாதத்து ஈரப்பனி என்றால் கட்டி உள்ளுக்குள் இளகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காவல் குடிசையில் ஓலெவ் இருந்தார், நேமேயோடு பள்ளியில் படித்தவர். கையில் தேநீர்க் குவளையோடு வெளியே வந்தார்.

"என்னய்யா, சட்டையோட வந்துட்டே? வீடு கீடு பத்திக்கிச்சா?"

"தூலி போயிட்டாளா?"

"இப்பத்தான். அதோ, வெளக்கு தெரியுது பாரு. உம்முனு போனா. பெல்ட்டக் கழட்டும்மான்னேன், எனக்குத் தெரியும்னா. என்ன, அப்பாவும் பொண்ணும் சண்டையா?"

நேமே விஷயத்தைச் சொன்னார். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. ஓலெவ் பொறுமையாகக் கேட்டார். பிறகு தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"சரி. கதவு பூட்டியிருக்கு. இப்ப அதனால என்ன? கட்டி தாங்குது. காலையில நானே அளந்தேன். அவ பாட்டுக்கு அந்தக் கரைக்குப் போயிடுவா. ரோஹுகுலாவுக்கு வயர்லஸ்ல சொல்றேன், இறங்கினதும் நிறுத்திச் சொல்லிடுவாங்க."

"நடுவுல உடைஞ்சா?"

"ஏன்யா உடையணும்? இந்த வருஷம் எத்தனை கார் போயிருக்கு!"

"ஆர்வோ மூழ்கின வருஷமும் எத்தனையோ கார் போச்சு."

ஓலெவின் முகம் மாறியது. குவளையைக் கீழே வைத்தார். "நேமே, நான் சொல்றதக் கேளு. அவ வண்டி கண்ண விட்டு மறையற வரைக்கும் யாரையும் இறக்கமாட்டேன். நீ பின்னாலயே போனா அவளுக்குத்தான் ஆபத்து. உனக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சதவிட உனக்கு அதிகமாத் தெரியும்."

தெரியும்தான். தெரியாமல் என்ன? ஆனால் அந்தக் கண்ணாடியும், அதற்குப் பின்னால் திறந்த வாயும் கண்முன் வந்து நின்றுவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே போகிறதோ! மனிதர் காரைக் கிளப்பினார். ஓலெவ் குறுக்கே கையை விரித்து நின்றார். நேமே அவரைச் சுற்றி ஓட்டி, தடுப்புக் கம்பின் ஓரத்தை உரசிக்கொண்டு கடலில் இறங்கினார். பின்னால் ஓலெவ் கெட்ட வார்த்தையில் திட்டியது காற்றில் வந்தது.

பனிச்சாலை வெளுத்துக் கிடந்தது. இரு ஓரத்திலும் நட்டு வைத்திருந்த ஜூனிப்பர் புதர்க் கிளைகள் மட்டுமே வழிக்கு அடையாளம். ஈரப்பனியில் தூரம் எதுவும் தெரியவில்லை. டயருக்கு அடியில் தண்ணீர் சளசளத்தது. நேமே தன் கதவை ஒரு விரற்கடை திறந்து, இடது முழங்காலால் பிடித்துக்கொண்டார். அறுபது. எழுபது. எழுபதுக்கு மேல் போகக் கூடாது, போனார். மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தார். நெருங்கிப் போகப் போவதில்லை. அவள் கண்ணாடியில் தெரிகிற தூரம் வரை மட்டும் போய், ஹெட்லைட்டை அணைத்து அணைத்துக் காட்ட வேண்டும். அவள் அடையாளம் கண்டுகொள்வாள், அணைத்த போனை மறுபடி போடுவாள். இரண்டு தடவை இழு என்று சொன்னால் போதும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பாதி வழிக்கு மேல் வந்தபோது சிவப்பு விளக்குகள் தெரிந்தன. நேமே ஹெட்லைட்டை அணைத்து எரியவிட்டார். மறுபடி. மறுபடி.

அவசரத்தில் அவர் மறந்துபோனது ஒன்றுதான். பனியின் மேல் பின்னால் வருகிறவன் விளக்கை மினுக்கினால் தீவில் அதற்கு ஒரே அர்த்தம். முன்னால் ஏதோ கோளாறு, வெடிப்பு இருக்கலாம், வேகத்தைக் குறை. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். தூலிக்குப் பின்னால் வருவது யார் என்று தெரியவில்லை. ஈரப்பனியில் இரண்டு மங்கலான வெளிச்சங்கள், அவ்வளவுதான். யாரோ எச்சரிக்கிறார்கள். நல்ல தீவுக்காரியாக அவள் காலை எடுத்தாள்.

சிவப்பு விளக்குகள் சட்டென்று பெரிதாயின. அவள் வேகம் குறைகிறது, ஐம்பது, நாற்பது. நாற்பதுக்குக் கீழே. "குறைக்காதே! ஓட்டு! ஓட்டு!" என்று நேமே காருக்குள் கத்தினார். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. அவரும் பிரேக்கை அழுத்தினார். வேறு வழி இல்லை. இரண்டு கார்களும் ஒன்றன் பின் ஒன்றாக, எந்த வேகத்தில் போகக் கூடாதோ அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. அடியில் எதுவோ எழுந்து வருவதை இருக்கையின் வழியாகவே அவர் உணர்ந்தார்.

வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். சாலைக்குக் குறுக்கே கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. தூலியின் காரின் முன்பக்கம் தாழ்ந்தது. பின் சக்கரங்கள் மேலே தூக்கிக்கொண்டன.

நேமே வெளியே குதித்து, டிக்கியிலிருந்து இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். பிறகு ஓடக் கூடாது என்று நினைவு வந்து, குப்புற விழுந்து ஊர்ந்தார். சட்டை நனைந்து மார்போடு ஒட்டியது. காரின் மூக்கைத் தண்ணீர் மூடிவிட்டது. பக்கக் கண்ணாடியில் தூலியின் முகம் தெரிந்தது. அவள் கைப்பிடியை இழுத்தாள். ஒரு தடவை. கதவு திறக்கவில்லை. தோளால் முட்டினாள். மறுபடி முட்டினாள். உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தாள்.

"மறுபடி இழு! தூலி! கைப்பிடிய இன்னொரு தடவை இழு!"

அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கையைத் தூக்கி இழுப்பதுபோல் காட்டினார். அவள் அதைப் பார்த்தாளா இல்லையா தெரியாது. அவள் கண்கள் அவர் முகத்தைத்தான் பார்த்தன. யார் வந்திருப்பது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். நேமே கண்ணை மூடிக்கொண்டார்.

கார் இன்னும் கொஞ்சம் சரிந்தது. அந்தச் சரிவில் தூலி முன்பக்கமாக விழப் போனாள். விழாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டும், கைக்குக் கிடைத்தது கதவின் கைப்பிடி. அவள் முழு எடையும் அதில் தொங்கியது. கதவு திறந்துகொண்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது, அவள் வெளியே வந்தாள், மூழ்கினாள், எழுந்தாள். நேமே எறிந்த கயிறு இரண்டாவது முயற்சியில் அவள் கையில் சிக்கியது. இழுத்தார். கட்டியின் விளிம்பு உடைய உடைய இழுத்தார். உறுதியான இடத்துக்கு வந்த பிறகும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். அவள்தான் "போதும், போதும்" என்று கயிற்றை விட்டாள்.

கார் போய்விட்டது. கறுப்புத் தண்ணீருக்குள் திரையின் வெளிச்சம் சிறிது நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

ஓலெவ் ஏற்கெனவே வயர்லஸில் கத்தியிருந்தார். மீட்புக் குழுவின் பனி வண்டி ஒன்று ரோஹுகுலாவிலிருந்து கிளம்பி, தூலியின் பற்கள் கிட்டித்துக்கொள்வதற்குள் வந்து சேர்ந்தது. ஓட்டி வந்த இளைஞன் ஈரத் துணியைக் கழற்ற வைத்து, இரண்டு கம்பளிகளில் அவளைச் சுற்றி வண்டியில் உட்கார வைத்தான். உடைப்பிலிருந்து தள்ளி, நேமேயின் கார் கதவு திறந்தபடி நின்றிருந்தது. நேமே கம்பளியை வாங்கிக்கொள்ளவில்லை. மகளின் முன்னால் வந்து நின்றார்.

"ஏன் வந்தீங்க?" என்றாள் தூலி. உதடு நீலமாக இருந்தது.

"கதவு பூட்டிக்கிச்சும்மா. என் தப்பு. அந்தக் கார்லேருந்து எல்லாத்தையும் அப்படியே எறக்கிட்டேன், பூட்டும் சேர்ந்து வந்துடுச்சு. ரெண்டு தடவை இழுக்கணும்னு உனக்குத் தெரியாது. அதச் சொல்லத்தான் வந்தேன். போன எடுக்கல நீ."

அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப் போனவளாக, ஒரு சீக்கு மாட்டைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"பூட்டியிருந்தா இருந்துட்டுப் போகுது. நான் பூட்டின கதவோடயே ரோஹுகுலா போய்ச் சேர்ந்திருப்பேன் அப்பா. இந்நேரம் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

நேமே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"எந்தக் கரைக்கு?" என்று இளைஞன் கேட்டான். "ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். தீவுலயும் ஆஸ்பத்திரி இருக்கு, அப்பாவும் கூட இருப்பாரு."

தூலி கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்துப் பெருநிலத்தின் பக்கம் காட்டினாள்.

இளைஞன் நேமேயைப் பார்த்தான். சங்கடப்பட்டான். பிறகு கறாரான குரலில் பேசினான். "ஐயா, நீங்க வந்த வழியே திரும்பிப் போங்க. ஓலெவ் பாத்துப்பாரு. ஆனா இப்பவே கெளம்பாதீங்க. கட்டி இன்னும் ஆடுது. என் வண்டி கண்ண விட்டு மறையற வரைக்கும் இங்கயே நில்லுங்க. பொண்ணப் பாக்கணும்னு பின்னாலயே வந்துடாதீங்க, என்ன?"

"வரமாட்டேன்" என்றார் நேமே.